பாவித்த நிசான் லீஃப் வாங்கும் முன் பற்றரியை நீங்களே அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இலங்கை வீதிகளில் ஓடும் மின்சாரக் கார்களில் நிறைய ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் இறங்கிய நிசான் லீஃப். இதன் பற்றரியைக் குளிர்விக்கத் திரவமும் இல்லை, காற்றாடியும் இல்லை. வெயில் ஊரில் அது தேய்வது உறுதி. வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்வி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதுதான்.

அதை அளக்க ஒரு போன், ஒரு சின்னக் கருவி, அரை நாள் நேரம் போதும். பலர் பிழை விடுவது ஒழுங்கில். விற்பனை நிலையத்தில் 60 சதவீதச் சார்ஜில் நிற்கும் காரில் கருவியைச் செருகி, ஒரு எண்ணைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அந்த ஒரு எண்ணை மாற்றி வைப்பது எளிது. கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதைச் சரிபார்க்கிறது.

1. முதலில் தயார் செய்ய வேண்டியவை

காரின் பற்றரித் தரவை வாசித்துக் காட்டும் லீஃப் ஸ்பை என்ற அப்பைப் போனில் இறக்குங்கள். இலவசப் பதிப்பு சில பக்கங்களை மட்டுமே காட்டும். கட்டணப் பதிப்பின் விலை, நீங்கள் பேரம் பேசப் போகும் தொகையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

அடுத்தது ஓபிடி டொங்கிள், அதாவது காரின் கணினியில் செருகி அதன் தரவைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவி. அன்ட்ரொயிட் போனுக்குச் சாதாரண புளூடூத் டொங்கிள் போதும். ஐபோனுக்கு புளூடூத்தின் எல்ஈ வகை அல்லது வைஃபை வகை வேண்டும். மிக மலிவான போலி டொங்கிள்கள் போனோடு இணையும், ஆனால் பற்றரித் தரவைக் கேட்டதும் பாதியில் தொங்கிவிடும். வாங்கியதும் தெரிந்தவர் ஒருவரின் லீஃபில் செருகிப் பாருங்கள். விற்பவரின் முன்னால் நின்றுகொண்டு முதல் தடவையாக முயற்சி செய்ய வேண்டாம்.

இன்னும் இரண்டு வேண்டும்: ஒரு மல்ரிமீற்றர், ஒரு கொப்பி. எண்களை எழுதியே ஆக வேண்டும். நினைவில் வைத்துக் கணக்குப் போட்டவர்கள் சார்ஜ் சதவீதத்தையும் நலச் சதவீதத்தையும் (புதிதில் இருந்த கொள்ளளவில் இன்று மிஞ்சியிருப்பது) குழப்பிக்கொள்வதைப் பார்க்கலாம்.

விற்பவரிடம் முதல் நாளே சொல்லி வைக்கவேண்டியது: இரவு கார் 100 சதவீதம் சார்ஜ் ஆகி, காலையில் நீங்கள் வரும்வரை ஓடாமல் நிற்கட்டும். இதற்கு மறுப்பவரிடம் காரணத்தைக் கேளுங்கள். வீட்டில் பிளக் பொயின்ற் இல்லை என்றால் அது நியாயமான காரணம். வேறு சாக்கு என்றால் அடுத்த காரைப் பார்க்கலாம்.

2. எந்த லீஃப் என்று உறுதிசெய்தல்

பற்றரியின் புதுக்கொள்ளளவு தெரியாமல் தேய்வைக் கணக்கிட முடியாது. சேசிஸ் இலக்கத்தின் முன்பகுதியைப் பாருங்கள். இசட்ஈ0 என்று தொடங்கினால் முதல் தலைமுறையின் முற்பகுதி, 24 கிலோவாற் மணி. ஏஇசட்ஈ0 என்றால் 24 ஆகவும் இருக்கலாம், 30 ஆகவும் இருக்கலாம். இசட்ஈ1 என்றால் 2017 இன் பிற்பகுதியில் வந்த இரண்டாம் தலைமுறை, 40 அல்லது 62. (ஒரு கிலோவாற் மணி என்பது கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிற். இனி யூனிற் என்றே எழுதுகிறேன்.)

டிக்கியைத் திறந்தாலும் ஓரளவு தெரியும். இசட்ஈ0 இல் சார்ஜர் பின் இருக்கைக்குப் பின்னால் மேடுபோல் நிற்கும். ஏஇசட்ஈ0 இல் அது பொனற்றுக்குள் போய்விட்டதால் டிக்கி தட்டையாக இருக்கும்.

பிந்திய மாடல் என்று விளம்பரத்தில் போட்டு 30 யூனிற் விலை கேட்பார்கள், உள்ளே இருப்பது 24 ஆக இருக்கும். அப் காட்டும் ஆம்பியர்-மணி எண் (பற்றரியின் கொள்ளளவுக்கான இன்னொரு அளவு) இதை வெளிச்சமாக்கும். புதிதாக இருக்கும்போது 24 யூனிற் பற்றரி சுமார் 66, 30 யூனிற் பற்றரி சுமார் 80, 40 யூனிற் பற்றரி சுமார் 115.

3. முதலில் 12 வோல்ற் பற்றரி

காரை ஸ்ரார்ட் பண்ணும் முன், பொனற்றைத் திறந்து சின்ன 12 வோல்ற் பற்றரியை மல்ரிமீற்றரால் அளக்கவும். ஓடாமல் நின்ற காரில் 12.4 வோல்ற்றுக்குக் குறைந்தால் அது சோர்ந்துவிட்டது.

காரின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் இந்தச் சின்னப் பற்றரியில்தான் விழிக்கின்றன. அது சோர்ந்தால் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும், கார் எழும்பாது, சார்ஜ் தொடங்காது. பெரிய பற்றரி செத்துவிட்டது என்று நினைத்து நல்ல காரைக் கைவிட்டவர்களும் உண்டு, அதே பயத்தைக் காட்டிக் குறைந்த விலைக்கு வாங்கியவர்களும் உண்டு. 12 வோல்ற் பற்றரியை மாற்றுவது சின்னச் செலவு.

4. மீற்றர் காட்டும் 12 கட்டங்கள்

சார்ஜ் அளவைக் காட்டும் பெரிய கட்டங்களுக்கு வெளிப்புறம், ஓரத்தில், 12 சின்னக் கட்டங்கள் இருக்கும். இவைதான் நலக் கட்டங்கள். சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் இவை மாறா.

கட்டங்கள் சமமானவை அல்ல என்பதே பலருக்குத் தெரியாத விடயம். முதல் கட்டம் விழுவதற்கு நலம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கவேண்டும். அதன்பின் ஒவ்வொரு கட்டமும் 6.25 சதவீதம். ஆகவே 11 கட்டம் என்றால் 78.75 முதல் 85 வரை, 10 என்றால் 72.5 இலிருந்து, 9 என்றால் 66.25 இலிருந்து, 8 என்றால் 60 இலிருந்து.

12 கட்டமும் நிறைவாக இருக்கிற கார் 99 ஆகவும் இருக்கலாம், 86 ஆகவும் இருக்கலாம். கட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள். அதை வைத்து விலை பேச வேண்டாம்.

திரையில் பெரிதாகத் தெரியும் ‘இன்னும் ஓடக்கூடிய தூரம்’ என்ற எண்ணை முற்றாக மறந்துவிடுங்கள். அது கடைசியாக ஓடிய விதத்தைப் பார்த்துக் கார் போடும் ஊகம். இறக்கத்தில் வந்து நின்ற கார் 140 என்று காட்டும், அதே கார் ஏசி போட்டு மேடேறினால் 80 என்று காட்டும். பற்றரி தேய்ந்துவிட்டது என்று வரும் முறைப்பாடுகளில் நிறைய இந்த எண்ணைப் பார்த்துப் பயந்தவைதான்.

5. முழுச் சார்ஜில் கருவியைச் செருகுதல்

ஓபிடி துளை ஸ்டியரிங்குக்குக் கீழே, டாஷ்போட்டின் அடியில் இருக்கும். டொங்கிளைச் செருகி, காரை ஓன் செய்து, அப்பை இணைத்து, பின்வரும் எண்களை எழுதுங்கள்: எஸ்ஓஎச் என்ற நலச் சதவீதம், ஆம்பியர்-மணி, எச்எக்ஸ், எஸ்ஓசி என்ற சார்ஜ் சதவீதம், பற்றரி வெப்பநிலை, வேகச் சார்ஜ் எண்ணிக்கை, சாதாரண சார்ஜ் எண்ணிக்கை, ஓடிய தூரம்.

மீற்றர் 100 என்று காட்டும்போது அப் 95 முதல் 97 வரை காட்டும். இது பிழை அல்ல. பற்றரியைக் காக்கக் கார் மேலும் கீழும் கொஞ்சம் ஒதுக்கி வைக்கிறது. இனி வரும் கணக்குகளுக்கு அப்பின் சதவீதத்தையே எடுங்கள். மீற்றரின் சதவீதத்தைக் கலந்தால் கணக்குப் பிழைக்கும்.

எச்எக்ஸ் என்பது பற்றரி மின்னோட்டத்தை எவ்வளவு தடையின்றி விடுகிறது என்பதற்கான எண். உட்தடை கூடக்கூட இது இறங்கும். இது தாழ்ந்த கார், மேடேறும்போது சார்ஜ் இருந்தும் சோர்வு காட்டும்.

பிறகு 96 நிரல்கள் உள்ள பக்கத்தைத் திறங்கள். பற்றரிக்குள் தொடராக இணைத்த 96 செல் தொகுதிகளின் வோல்ற்றளவு அது. இரவு முழுக்க ஓய்ந்து நின்ற பற்றரியில், மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் இடையே 10 முதல் 30 மில்லிவோல்ற் வித்தியாசம் இருந்தால் நல்லது. நிரல்களில் சில சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். உயர்ந்த செல்களைக் கார் சமப்படுத்திக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள்.

30 யூனிற் காருக்கு ஒரு விசேட எச்சரிக்கை. அந்த மாடலின் பற்றரிக் கட்டுப்பாட்டு மென்பொருள் உண்மையான தேய்வைவிடக் கூடுதலாகக் காட்டும் கோளாறு கொண்டிருந்தது. 2018 இல் நிசான் அதற்குத் திருத்தம் வெளியிட்டது. திருத்தம் ஏறாத கார் 70 என்று காட்டினாலும் உள்ளே அதைவிட நல்ல பற்றரி இருக்கலாம். அப்படிப்பட்ட காரில் ஏழாம் படியின் கணக்கை மட்டும் நம்புங்கள்.

6. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா?

பற்றரிக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் நினைவை அழிக்கும் வழி உண்டு. அழித்தவுடன் 12 கட்டமும் திரும்பி வரும், எஸ்ஓஎச் 100ஐ ஒட்டி ஏறும். ஓட ஓடக் கார் மீண்டும் கற்றுக்கொண்டு, சில கிழமைகளிலோ மாதங்களிலோ உண்மைக்கு இறங்கும். அதற்குள் கார் கைமாறிவிடும்.

இதைப் பிடிப்பது பொருத்தம் பார்ப்பதால். பத்து வருடக் காரில் எஸ்ஓஎச் 98 என்றால் உடனே நிறுத்தி யோசியுங்கள். சார்ஜ் எண்ணிக்கைகள் பூச்சியத்துக்குக் கிட்ட நின்றாலும், நலம் உச்சத்தில் இருக்க எச்எக்ஸ் மட்டும் கீழே கிடந்தாலும் அப்படித்தான்.

எண்ணிக்கையை ஓடிய தூரத்தோடும் ஒப்பிடுங்கள். 24 யூனிற் கார் ஒரு சார்ஜுக்குச் சராசரி 50 கிலோமீற்றர் ஓடியிருக்கும் என்று வைத்தால், 40,000 கிலோமீற்றருக்குச் சுமார் 800 சார்ஜ். 2,500 என்று எண்ணிக்கை நிற்க, மீற்றர் 40,000 காட்டினால், மீற்றரைக் கேள்வி கேட்க வேண்டும். ஜப்பானிய ஏற்றுமதிச் சான்றிதழில் பதிவான தூரத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வேகச் சார்ஜ் எண்ணிக்கை கூடியது என்பதற்காக மட்டும் காரைத் தள்ள வேண்டாம். குளிரான வடக்கு ஜப்பானில் வேகச் சார்ஜ் போட்ட கார், இங்கே தார் வெயிலில் தினமும் நிறைசார்ஜோடு நின்ற காரைவிட நன்றாக இருக்கலாம். இரண்டில் எது நல்லது என்பது அளந்து பார்த்தால்தான் தெரியும்.

7. ஓட்டிப் பார்த்து அளத்தல்

இந்தப் படி ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாம். ஏமாற்ற மிகக் கடினமானதும் இதுவே.

நேரான, மேடு பள்ளம் குறைந்த பாதையைத் தேர்ந்தெடுங்கள். யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்குக் கண்டி வீதியைவிட நல்ல பாதை கிடையாது. நகரிலிருந்து கொடிகாமம் வரை போய்த் திரும்பினால் 50 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். மலைநாட்டில் இருந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வாருங்கள், ஏற்றமும் இறக்கமும் ஈடாகட்டும்.

புறப்படும் முன் இரண்டு வேலை. தூரமானியின் ட்ரிப்பையும் சராசரிச் சிக்கனத்தையும் பூச்சியமாக்குங்கள். பிறகு அப்பில் எஸ்ஓசியை எழுதுங்கள். சராசரியைப் பூச்சியமாக்க மறப்பதுதான் இந்தச் சோதனையில் அதிகம் நடக்கும் தவறு. பழைய ஓட்டத்தின் சராசரி கலந்துவிட்டால் முழுக் கணக்கும் வீண்.

மணிக்கு 50 முதல் 60 கிலோமீற்றரில் சீராக ஓட்டுங்கள். ஏசி வேண்டாம். ஏசியின் செலவு சராசரியில் ஒழுங்காகச் சேராவிட்டால் பற்றரி உண்மையைவிட மோசமாகத் தெரியும். சார்ஜில் குறைந்தது 40 புள்ளியாவது இறங்கும்வரை ஓட்டவேண்டும். 10 புள்ளி ஓட்டிக் கணக்குப் போட்டால், சதவீதத்தில் வரும் ஒரு புள்ளித் தவறே விடையைப் பத்தில் ஒரு பங்கு புரட்டிவிடும்.

திரும்பி வந்ததும் இப்படிக் கணக்கிடுங்கள். ஓடிய தூரம் 52 கிலோமீற்றர், திரையில் சராசரி ஒரு யூனிற்றுக்கு 6.8 கிலோமீற்றர் என்று வைப்போம். 52ஐ 6.8 ஆல் வகுத்தால் 7.65 யூனிற் செலவு. எஸ்ஓசி 96 இலிருந்து 52க்கு இறங்கியது என்றால் 44 புள்ளி. 7.65ஐ 0.44 ஆல் வகுத்தால் 17.4 யூனிற். இதுதான் பற்றரியில் மிஞ்சியிருக்கும் மொத்தக் கொள்ளளவு. புதிதாக 24 என்பதால், 72 சதவீதம்.

இந்த விடையும் அப் காட்டிய எஸ்ஓஎச்சும் ஐந்து புள்ளிக்குள் ஒத்தால், எண் நம்பக்கூடியது. அப் 97 என்றும் கணக்கு 70 என்றும் வந்தால், நினைவை அழித்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வலுக்கிறது. அப்போது இன்னொன்றையும் பாருங்கள். காரை நிறுத்திப் பத்து நிமிடம் ஓய விட்டபின், பாதிச் சார்ஜில் செல்கள் 3.8 வோல்ற்றை ஒட்டி நிற்கவேண்டும். பாதி இருக்கிறது என்று கார் சொல்ல, செல்கள் 3.6க்குக் கிட்டக் கிடந்தால், அந்தப் பாதி அங்கே இல்லை.

8. சார்ஜ் குறைந்த நிலையில் செல்களைப் பார்த்தல்

நிறைந்த நிலையில் பலவீனமான செல் மறைந்து நிற்கும். கொள்ளளவு குறைந்த செல் மற்றவற்றுக்கு முன்பே வற்றிவிடுவதால், தாழ்ந்த சார்ஜில்தான் அது தலை காட்டும். எனவே எஸ்ஓசி 25க்குக் கிட்ட வரும்வரை ஓட்டி, மறுபடி 96 நிரல் பக்கத்தைத் திறங்கள்.

ஓய்ந்த நிலையில் முதலில் பாருங்கள். பிறகு, வீதி காலியாக இருக்கும் இடத்தில் அக்சிலறேற்றரை நன்றாக மிதிக்கும்போது, பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும். சாரதி பார்க்கக்கூடாது. எல்லா நிரல்களும் சேர்ந்து தாழ்ந்து சேர்ந்து எழும்பினால் பற்றரி சீராகத் தேய்ந்திருக்கிறது. ஒன்றோ இரண்டோ மட்டும் பள்ளம்போல் 100 மில்லிவோல்ற்றுக்கு மேல் விழுந்தால், அந்தச் செல் பழுது.

முழுப் பற்றரியும் அந்த ஒரு செல்லோடு நின்றுவிடும். 96 இல் ஒன்று வற்றினால், மீதி 95 இல் மின்சாரம் இருந்தும் கார் வேகத்தைக் குறைத்து ஆமை அடையாளத்தைக் காட்டும். சீராக 70க்குத் தேய்ந்த காரை, 80 காட்டிக்கொண்டு ஒரு பழுது செல்லோடு வரும் காரைவிட நான் விரும்புவேன்.

பழுதான தொகுதியை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பார்கள். மாற்றலாம், ஆனால் போடும் தொகுதி மற்றவற்றின் கொள்ளளவுக்கு ஒத்ததாக இருக்கவேண்டும். தேய்ந்த கூட்டத்தில் புத்தம் புதியதைப் போட்டாலும் சமநிலை கெடும். பெட்டியைத் திறப்பது 400 வோல்ற்றோடு வேலை. செம்மஞ்சள் வயர்கள் எங்கே தெரிந்தாலும் கை வைக்க வேண்டாம், பயிற்சி பெற்றவர்களிடம் விடுங்கள்.

9. சுவரிலிருந்து ஏறும் யூனிற்றை அளத்தல்

விற்பவர் இடம் தந்தால், அல்லது வாங்கியபின் வீட்டில், இதைச் செய்யலாம். எஸ்ஓசி 25 இல் சார்ஜைத் தொடங்கி முழுதாக ஏற விடுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் வீட்டு மின்மானியை வாசியுங்கள். அந்த நேரம் குளிர்சாதனப் பெட்டி உட்பட மற்ற எல்லாம் ஓவ்.

சுவரில் ஏறியதில் சுமார் 87 சதவீதம்தான் பற்றரிக்குப் போகிறது, மீதி சூடாகிறது. 13.5 யூனிற் ஏறினால் பற்றரிக்கு 11.7. எஸ்ஓசி 25 இலிருந்து 96 என்றால் 71 புள்ளி. 11.7ஐ 0.71 ஆல் வகுத்தால் 16.5 யூனிற், அதாவது 69 சதவீதம். இழப்பு காருக்குக் கார் மாறுவதால், ஓட்டிப் பார்த்த விடையைவிட இது சற்றுக் கரடுமுரடானது. இரண்டும் கிட்டக்கிட்ட வந்தால் போதும்.

பிளக்கில் செருகும் சின்ன யூனிற் மானிகளைப் பாவிக்க வேண்டாம். அவை பெரும்பாலும் 13 ஆம்பியருக்கு உரியவை. ஜப்பானியச் சார்ஜ் வயர் 15 ஆம்பியர்வரை மணிக்கணக்காக இழுக்கும், மானியும் பிளக்கும் உருகும். மாற்றுப் பிளக் போட்டு 13 ஆம்பியர் சொக்கெற்றில் செருகுவதும் அதே ஆபத்து. எலக்ரீசியனைக் கூப்பிட்டு, தனி பிரேக்கரோடு 4 சதுர மில்லிமீற்றர் வயரில் தனி இணைப்பு இழுத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தொடங்கி அரை மணித்தியாலத்தில் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் நிறுத்துங்கள்.

10. விடையை உங்கள் ஓட்டத்தோடு பொருத்துதல்

எத்தனை சதவீதத்துக்குக் கீழே வாங்கக்கூடாது என்று பலர் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவான எண் கிடையாது. கணக்கு இப்படி: மிஞ்சிய கொள்ளளவில் 90 சதவீதம்தான் ஓட்டத்துக்குக் கிடைக்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வையுங்கள். 60 சதவீத நலமுள்ள 24 யூனிற் காரில் மொத்தம் 14.4, ஓட்டத்துக்கு 13, கையிருப்பு போக 10.4. ஒரு யூனிற்றுக்கு 6.5 கிலோமீற்றர் என்றால் 67 கிலோமீற்றர். ஏசி போட்டால் இன்னும் குறையும். நாளுக்கு 35 கிலோமீற்றர் ஓடும் ஆசிரியருக்கு அது நல்ல கார். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்வர வேண்டியவருக்கு அது தலைவலி.

இனி வரப்போகும் தேய்வையும் சேருங்கள். கனடாவின் ஜியோடாப் நிறுவனம் 2019 இல் வெளியிட்ட ஒப்பீட்டில், 2015 லீஃப் ஆண்டுக்குச் சராசரி 4.2 சதவீதம் தேய்ந்தது, அதே ஆண்டின் திரவக் குளிர்ச்சியுள்ள டெஸ்லா மாடல் எஸ் 2.3. ஆண்டுக்கு 4 என்று வைத்தால், இன்று 72 இருக்கும் கார் நாலு வருடத்தில் 56. அந்த 56 இலும் உங்கள் அன்றாட ஓட்டம் ஓடுமா என்று பார்த்து விலை பேசுங்கள்.

11. வாங்கியபின்

முதலாவது நிழல். தகிக்கும் தார் வீதியில் நாள் முழுக்க நிறைசார்ஜோடு நிற்பதுதான் இந்தப் பற்றரிக்கு மிகக் கேடு. வெப்பமும் நிறைசார்ஜும் தனித்தனியே செய்யும் கேட்டைவிடச் சேர்ந்து செய்வது கூட. இரவு சார்ஜ், விடியற்காலையில் நீங்கள் புறப்படுவதற்குச் சற்று முன் முடியும்படி நேரத்தை வையுங்கள். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி உள்ள பழைய மாடல் என்றால், நீண்ட ஓட்டம் இல்லாத நாட்களில் அதைப் பாவியுங்கள்.

நீண்ட தூரம் ஓடி வந்த சூட்டோடு வேகச் சார்ஜ் போடவேண்டி வந்தால், கொஞ்சம் ஆற விட்டு, தேவையான அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். மீற்றரில் வெப்பநிலைக் கட்டங்கள் சிவப்பை நெருங்கினால் காத்திருப்பதைவிட வேறு வழி இல்லை, காற்றாடி ஏதும் இல்லாத பெட்டி மெதுவாகத்தான் ஆறும்.

புதிய பிஒய்டி கார் வைத்திருப்பவர்கள் ‘கிழமைக்கு ஒருதடவை 100 போட்டே ஆகவேண்டும்’ என்று சொல்வார்கள். அவர்களின் பற்றரி இரும்பு-பொஸ்பேற் வகை, அதற்கு அது சரி. லீஃப் வேறு வகை. செல்கள் சமப்பட மாதம் ஒருதடவை முழுதாக ஏற்றி, அன்றைக்கே ஓட்டிவிட்டால் போதும்.

கொப்பியைத் தொடருங்கள். மாதம் ஒருதடவை, முழுச் சார்ஜில், காலையில், எஸ்ஓஎச், ஆம்பியர்-மணி, எச்எக்ஸ், செல் வித்தியாசம், வெப்பநிலை. எஸ்ஓஎச் ஒரு மாதம் ஒன்று ஏறும், அடுத்த மாதம் ஒன்றரை இறங்கும். அது காரின் கணிப்பு மாறுவது, பற்றரி மாறுவது அல்ல. ஆறு மாதக் கோட்டைப் பாருங்கள். செல் வித்தியாசம் மட்டும் மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் காத்திருக்க வேண்டாம். எட்டாம் படியை மறுபடி செய்து, எந்த இலக்கச் செல் என்று குறித்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். அந்த இலக்கத்தைச் சொன்னால், பெட்டியைத் திறப்பவர் எந்தத் தொகுதியை முதலில் பார்ப்பது என்று தேடவேண்டியதில்லை.